மழை ஓய்ந்த பிறகுதான் எங்கள் வரிசை நீளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை உங்கள் முதல் பக்கத்தில் ‘மழை ஓய்ந்தது, மக்கள் நிம்மதி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதிய கை இது. மழை விட்டால் ஊருக்கு நிம்மதிதான். சீட்டு எழுதுகிறவள் அன்றைக்குத்தான் விரலை மடக்கி நாள் எண்ண ஆரம்பிப்பாள்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர், வயது, என்ன தொந்தரவு என்று கேட்டு எழுதி, எத்தனையாம் நம்பர் அறைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். ஒரு ஆளுக்கு அரை நிமிடம் கிடைத்தால் அதிகம். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. ஆனாலும் காலையில் பேப்பர் வந்தால் தலைப்புச் செய்திக்கு முன்னால் நான் தேடுவது, உள்பக்க மூலையில் தீப்பெட்டி அளவுக்கு நீங்கள் போடுகிற வானிலைக் கட்டத்தைத்தான். அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்தப் பழக்கம் வந்த கதை ரொம்பச் சாதாரணமானது. சீட்டுக் கட்டு தீர்ந்துபோவதுதான் காரணம். ஸ்டோரில் இருந்து எழுதி வாங்க வேண்டும், வாங்கினாலும் வந்து சேர ஒரு வாரம் ஆகும். சில மாதம் கட்டு மிஞ்சிக் கிடக்கும். சில மாதம் பாதியிலேயே தீர்ந்து, பழைய படிவங்களின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துத் திட்டு வாங்குவேன். இப்படியே போனால் சரிப்படாது என்று ஒரு நோட்டு போட்டேன். இடப்பக்கம் தேதி, அன்றைய வெயிலோ மழையோ, உங்கள் கட்டத்தில் இருந்து எடுத்த டிகிரி. வலப்பக்கம் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், மூச்சுத்திணறல் என்று கோடு கிழித்து, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு குச்சி. நாலு குச்சிக்குக் குறுக்கே ஐந்தாவது குச்சி. காகிதம் எவ்வளவு தேவைப்படும் என்று தெரிந்தால் போதும் எனக்கு. வேறு எந்த ஆராய்ச்சி நோக்கமும் இல்லை.

முதல் வருடம் அந்த நோட்டைப் பார்த்தால் ஒன்றும் ஒத்துப்போகவில்லை. கொட்டோகொட்டென்று மழை பெய்த நாட்களில் குச்சிகளே இல்லை, பெஞ்சு காலி. “மழை நல்லதுதான் டாக்டர், கூட்டமே இல்லை பாருங்கள்” என்று பொது மருத்துவம் பார்க்கும் டாக்டரிடம் சொன்னேன். அவர் சட்டையில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே, “அம்மா, மழையில் யாரும் வெளியே வர மாட்டார்கள். மூன்று வாரம் பொறுத்து இதே வார்த்தையைச் சொல்லுங்கள்” என்றார். மூன்று வாரம் கழித்து நான் எதுவும் சொல்லவில்லை, தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இல்லை. காய்ச்சல் பத்தியில் குச்சிகள் கோட்டைத் தாண்டி அடுத்த பத்திக்குள் போய்விட்டன.

அந்த மூன்று வாரக் கணக்கை அவர்தான் ஒரு நாள் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் நிற்கும் பாத்திரத்தின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரம் படிந்த இடத்தில் முட்டையை ஒட்டிவிடும். காய்ந்து போனாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. மழைத் தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரியும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். அந்தக் கொசு ஏற்கெனவே டெங்கு இருக்கும் ஒருவரைக் கடித்தால், கிருமி அதன் வயிற்றில் பெருகி எச்சிலுக்கு வந்து சேர எட்டு முதல் பன்னிரண்டு நாள். பிறகு அது இன்னொருவரைக் கடித்தால், அவருக்குக் காய்ச்சல் தொடங்க நாலு முதல் பத்து நாள். கூட்டிப் பாருங்கள். சீக்கிரமென்றால் 19 நாள், நிதானமாக என்றால் 32 நாள். வெயிலும் சேர்ந்து அடித்தால் கொசுவின் உடம்புக்குள் கிருமி இன்னும் வேகமாக முற்றும். அளவுக்கு மீறிச் சூடானால் கொசுவே செத்துவிடும், பேய்மழை அடித்தால் புழுக்கள் அடித்துக்கொண்டும் போய்விடும். அதனால் பெரிய மழையைவிட, விட்டு விட்டுத் தூறி அங்கங்கே தேங்கவிடும் மழையைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஒரு இளைஞன், நாலு நாள் காய்ச்சலில் வந்தவன், காய்ச்சல் விட்டது என்று வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் அவனுடைய அக்கா கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். “காய்ச்சல் இல்லைங்க, வயிறுதான் வலிக்குதாம், வாந்தி” என்றாள். நானும் வயிற்றுவலி என்று எழுதி, வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் வந்த சிஸ்டர் ஒருத்தி அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது. நேராக ட்ராலியில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். டெங்குவில் ஆபத்தான நேரமே காய்ச்சல் இறங்கும் நேரம்தான், ரத்தக்குழாயில் இருந்து நீர் கசிவது அப்போதுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பையன் பிழைத்துக்கொண்டான். ‘ஓய்ந்தது, நிம்மதி’ என்ற உங்கள் தலைப்பைப் பார்த்ததும் எனக்கு அவன் கைதான் ஞாபகம் வந்தது.

சரி, மழையை விடுங்கள். கோடையில் நீங்கள் போட்ட படத்துக்கு வருகிறேன். ‘வெயில் சுட்டெரிக்கிறது’ என்று எழுதி, தண்ணீரில் குதித்து விளையாடும் பிள்ளைகளின் படம். வருடா வருடம் அதே மாதிரிப் படம்தான். பார்க்க அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடும் வெயிலில் எங்கள் கவுண்டருக்கு வந்தவர்களில் அந்தப் படத்தில் இருக்கிற மாதிரி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வந்தவர்கள் கிழவர்கள், கிழவிகள், திறந்த வெளியில் கூலிவேலை செய்கிறவர்கள், கர்ப்பிணிகள். அதிலும் வயதானவர்களில் பாதிப்பேர் வெளியிலேயே போகாதவர்கள். “வெயிலில் போனாரா?” என்று கேட்டால், “இல்லையே, ரெண்டு நாளா வீட்டுக்குள்ளதான் படுத்திருந்தார்” என்பார்கள்.

இது எங்கள் பெஞ்சில் மட்டும் நடந்த விஷயம் இல்லை. 2021 ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வரலாறு காணாத வெப்பம். லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி செல்சியஸ். அந்த ஒரு வாரத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 619 பேர் என்று அங்கே மரண விசாரணை அதிகாரிகள் கணக்கெடுத்தார்கள். அதில் 98 சதவீதம் பேர் உயிரிழந்தது கட்டடத்துக்குள். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில நாட்களில் 700 பேருக்கு மேல் போனார்கள். பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள், கதவைத் தட்ட ஆள் இல்லாதவர்கள். 2003 ஆகஸ்டில் பிரான்சில் சுமார் 15,000 பேர். அந்தக் கோடையில் பகலைவிட இரவுதான் மோசம். ராத்திரியில் உடம்பு ஆறினால்தான் மறுநாளைத் தாங்கும். ஆறாமல் நாலு ராத்திரி போனால் இதயம் களைத்துவிடும்.

இதில் எனக்கும் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. ‘வெயில்’ என்று நான் ஒரு சீட்டில்கூட எழுதியதில்லை. என்ன தொந்தரவு என்ற கட்டத்தில் தலைசுற்றல், மயக்கம், நெஞ்சுவலி, மூத்திரக் கடுப்பு என்றுதான் எழுதுவேன். சூடு ஏறினால் தோலுக்கு ரத்தத்தை அனுப்ப இதயம் கூடுதலாக ஓட வேண்டும். வியர்வையில் நீரும் உப்பும் போகும். ரத்தம் கெட்டியாகும், சிறுநீரகம் திணறும், கல் இருக்கிறவர்களுக்கு வலி பிடுங்கும். கடைசியில் ஆள் இறந்தால் சான்றிதழில் மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோ இருக்கும். வெயில் தன் பெயரை எங்கேயும் எழுதிக்கொள்ளாமல் போய்விடுகிறது. அதனால்தான் மற்ற வருடங்களில் அதே வாரத்தில் எத்தனை பேர் இறந்தார்கள், இந்த வருடம் எத்தனை பேர் கூடுதல் என்று கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். பிரான்சின் 15,000 அப்படி வந்த கணக்குதான்.

ஒரு பெரியவரைச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்காக மாதாமாதம் வருகிறவர். என்னைப் பார்த்தால் “சீட்டம்மா, சௌக்கியமா?” என்று கேட்காமல் நகர மாட்டார். ஒரு கோடையில் வந்தவர் என்னையே அடையாளம் தெரியாமல் பார்த்தார். பெயர் கேட்டேன், வேறு யாருடைய பெயரையோ சொன்னார். சட்டை நனையவே இல்லை, தோல் காய்ந்து கொதித்தது. கேஷுவாலிட்டியில் உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல் இருந்தது. துணியை நனைத்து உடம்பெல்லாம் போட்டு, ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பி, அப்புறம்தான் ஊசி மருந்தெல்லாம். குளிர வைப்பதுதான் முதல் வைத்தியம். அவர் சாப்பிட்ட மாத்திரையில் ஒன்று நீர் பிரிவதற்கானது. உடம்பில் இருக்கிற கொஞ்சம் தண்ணீரையும் அது வெளியேற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. மனநோய்க்கான சில மருந்துகள் வியர்வையையே குறைத்துவிடும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். கோடை தொடங்கும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். பேச்சு குழறினால், குழம்பிப் பேசினால், அது வெறும் அசதி இல்லை என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். எத்தனை பேர் புரையேறி வந்திருக்கிறார்கள்!

உங்கள் கட்டத்தில் அதிகபட்சம் எவ்வளவு என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஈரப்பதம் சில நாள் இருக்கும், பல நாள் இருக்காது. எனக்குத் தெரிந்து இதுதான் அந்தக் கட்டத்தின் பெரிய ஓட்டை. காற்று நம் தோலைவிடச் சூடாகிவிட்டால் உடம்பு ஆறுவதற்கு வியர்வை காய்வது ஒன்றுதான் வழி. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, வழியும். வழிந்து என்ன பயன்? வறண்ட 40 டிகிரியைவிடப் புழுக்கமான 36 டிகிரி ஆளைச் சாய்த்துவிடலாம். அடிக்குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி என்று ஒன்று உண்டு. ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டுவது அது. அந்த அளவு 35 டிகிரியைத் தொட்டால் திடகாத்திரமான ஆளும் நிழலில் உட்கார்ந்தபடியே தாங்க முடியாது என்று ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். இளைஞர்களை வைத்து அமெரிக்காவில் சோதித்தபோது, சுமார் 31 டிகிரியிலேயே உடம்பு சூட்டைச் சமாளிக்க முடியாமல் போவது தெரிந்தது. வயதானவர்களுக்கு அதற்கும் கீழேதானே இருக்கும்? ஃபேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்று 40 டிகிரிக்கு மேல் போனால் ஃபேன் சூட்டைத்தான் வாரி இறைக்கும், அதை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதை ஒரு கோடையிலாவது உங்கள் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டிருக்கலாம்.

செய்ய முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. 2010 மே மாதம் அகமதாபாத்தில் 46.8 டிகிரி வரை போனது. அந்த மாதம் வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள். அதன் பிறகு 2013-ல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்று போட்டது. முன்னறிவிப்பைப் பார்த்து நிறம் வைத்து எச்சரிக்கை, ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குப் பயிற்சி, தெருவில் வேலை செய்கிறவர்களுக்குத் தகவல். எனக்குப் பிடித்தது அதில் ஒரு சின்ன விஷயம். அங்கே ஒரு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சை வார்டு மேல்மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். சூட்டால் அங்கே வந்து சேரும் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள். கட்டிலையும் சாமான்களையும் கீழே இறக்கியதுதான் செய்த வேலை.

வெயில் அன்றைக்கே அடிக்கும், மிஞ்சினால் மூன்று நாளுக்குள். குளிர் அப்படி இல்லை, கடன்காரன் மாதிரி பொறுத்திருந்து வரும். என் நோட்டில் இதுதான் கடைசியாகப் பிடிபட்டது. குளிர்ந்த காற்று அடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் பக்கவாதமும் கூடும். அதற்குள் வெயில் திரும்ப வந்திருக்கும், யாரும் குளிரைச் சந்தேகிக்க மாட்டார்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், அழுத்தம் ஏறும், ரத்தம் உறையும் தன்மையும் கூடும். அதே மாத்திரை, அதே ஆள், ஆனால் குளிர் மாதங்களில் அவருடைய அழுத்த எண் ஏறியிருப்பதைச் சீட்டில் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். காற்று வறண்டால் ஃப்ளூ கிருமிக்கும் கொண்டாட்டம். 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய கணக்கு வந்தது. 384 இடங்களில் நடந்த சுமார் 7.4 கோடி மரணங்களை அலசியது அது. அதில் 7.3 சதவீதம் குளிரோடு தொடர்புடையது, 0.4 சதவீதம்தான் வெப்பத்தோடு. அதுவும் நடுங்க வைக்கும் கடுங்குளிரைவிட, சுமாரான குளிர் நாட்களின் பங்குதான் அதிகம். நமக்குத் தலைப்புச் செய்தியாவது எப்போதும் வெயில்தான். சாவுக்கணக்கில் சத்தமில்லாமல் முந்தி நிற்பது குளிர்.

மூட்டுவலிக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என்னைத் திட்டுவார்கள். “என் முட்டி சொல்லுது, நாளைக்கு மழை” என்று சொல்லும் அம்மாக்கள் என் கவுண்டரில் ஒருவர் இருவர் இல்லை. இது மெய்யா பிரமையா என்று இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறார்கள். 2017-ல் அமெரிக்காவில், முதியவர்கள் டாக்டரைப் பார்க்கப் போன ஒரு கோடியே பதினாறு லட்சம் தடவைகளை மழைக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். மழைக்கும் மூட்டுவலிக்கும் சம்பந்தமே இல்லை என்று வந்தது. 2019-ல் பிரிட்டனில், நாள்பட்ட வலி உள்ள 2,658 பேரைத் தினமும் கைபேசியில் வலியைப் பதிவு செய்யச் சொன்னார்கள். காற்றில் ஈரம் கூடி, காற்றழுத்தம் குறைந்து, காற்றும் வீசிய நாட்களில் வலி கொஞ்சம் கூடுவது தெரிந்தது. எது சரி? எனக்கு இரண்டும் சரி என்றுதான் படுகிறது. முதல் கணக்கு டாக்டரிடம் போனவர்களை எண்ணியது, இரண்டாவது கணக்கு வலித்தவர்களை எண்ணியது. வலிக்கிற அன்றைக்கே யார் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்? துணைக்கு வர மகனுக்கு லீவு கிடைக்க வேண்டும், மழை விட வேண்டும், வண்டி கிடைக்க வேண்டும். என் நோட்டின் குச்சிகளும் அப்படித்தான். அவை வந்தவர்களின் கணக்கு. வராமல் வீட்டிலேயே கிடந்தவர்கள் அதில் இல்லை.

மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்று நம் அம்மாக்கள் சொல்வதை டாக்டர்கள் சிரித்துத் தள்ளுவார்கள். சளி கிருமியால் வருகிறது, மழையால் இல்லை. ஆனால் 2005-ல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 90 பேரைக் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் காலை வைக்கச் சொல்லி, இன்னொரு 90 பேரைக் காலித் தொட்டியில் வைக்கச் சொன்னார்கள். அடுத்த நாலைந்து நாளில் சளி என்று சொன்னவர்கள் முதல் கூட்டத்தில் 13 பேர், இரண்டாவதில் 5 பேர். ஏற்கெனவே மூக்கில் சத்தமில்லாமல் இருந்த கிருமி, குளிரில் மூக்கின் ரத்த ஓட்டம் குறைந்ததும் தலைதூக்கியிருக்கலாம் என்கிறார்கள். அம்மாக்களைச் சட்டென்று தள்ளிவிட வேண்டாம், அவ்வளவுதான். அதற்காக எல்லாவற்றுக்கும் ‘க்ளைமேட் ஒத்துக்கலை’ என்று சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். இரண்டு மாதமாக இருமிக்கொண்டே, மாறிக்கொண்டே இருக்கிற வானிலையைக் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒருவருக்குக் கடைசியில் காசநோய் என்று தெரிந்தது.

காற்று விஷயம் தனி. 2016 நவம்பர் 21 சாயங்காலம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் இடியோடு ஒரு புயல்காற்று வந்தது. புல்வெளிகளில் இருந்து கிளம்பிய மகரந்தத் துகள்கள் ஈரத்தில் வெடித்து, நுரையீரலின் ஆழம் வரை போகும் அளவுக்குப் பொடியாகிவிட்டன. சில மணி நேரத்தில் ஊரெல்லாம் மூச்சுத்திணறல். அடுத்த 30 மணி நேரத்தில் மூச்சுக் கோளாறோடு அவசரப் பிரிவுகளுக்கு வழக்கத்தைவிட 3,000 பேருக்கு மேல் கூடுதலாக வந்தார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமாவே இருந்ததில்லை, தும்மலும் மூக்கொழுகலும்தான். அந்தச் செய்தியைப் படித்தபோது மூச்சுத்திணறலுக்கு மருந்தைப் புகையாக்கி முகமூடி வழியாகக் கொடுக்கும் எங்கள் நெபுலைசர் மேசைதான் கண்ணில் வந்தது. புழுதிக்காற்று அடித்த மறுநாள் அங்கே மூன்று முகமூடிக்கு ஒன்பது பிள்ளைகள் காத்திருக்கும். மெல்போர்ன் இருக்கும் மாகாணத்தில் மறு வருடத்தில் இருந்தே இடிமழை ஆஸ்துமாவுக்கு என்று தனியாக முன்னறிவிப்பு போடுகிறார்கள். 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் புகைமூட்டமும் இந்தக் குடும்பம்தான். காற்று அசையாமல் நின்று, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்ததால் நிலக்கரிப் புகை கீழேயே தங்கியது. அப்போது 4,000 பேர் என்றார்கள், பிற்பாடு பார்த்தவர்கள் 12,000 வரை இருக்கலாம் என்கிறார்கள்.

வெள்ளம் வந்தால் பேப்பரில் படகுப் படம் வரும். தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் கவுண்டருக்கு வருவது வேறு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில், காலில் சிறு வெட்டோடு நடந்தவர்களுக்கு ஐந்து முதல் பதினாலு நாள் கழித்து எலிக்காய்ச்சல். கெண்டைக்கால் வலி என்றுதான் சொல்வார்கள். புற்றில் தண்ணீர் புகுந்து வீட்டுக்குள் ஏறிய பாம்பு கடித்தவர்கள். மின்சாரம் இல்லாமல் மூடிய அறைக்குள் ஜெனரேட்டர் போட்டுப் புகையில் மயங்கியவர்கள். ஆனால் எனக்கு மறக்கவே முடியாதது ஒரு பிளாஸ்டிக் பை. ஒரு அம்மா அதைக் கவுண்டரில் வைத்து உள்ளே இருந்த நோயாளிக் கையேட்டை எடுத்தாள். ஐந்து வருடச் சர்க்கரை நோய்க் கணக்கு அதில் இருந்தது. தண்ணீரில் ஊறி, பக்கமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து நீலக் கறையாகியிருந்தது. என்ன மாத்திரை என்று கேட்டேன். “வெள்ளை மாத்திரை ஒண்ணு, பாதி மாத்திரை ஒண்ணு” என்றாள். மருந்தும் போய், மருந்தின் பெயரும் போய், வெள்ளம் வடிந்து ஒன்பது நாள் எதுவும் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். அவள் காலில் ஒரு புண். அந்தச் சீட்டில் ‘கால் புண்’ என்று எழுதினேன்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இவ்வளவுதான். அந்தத் தீப்பெட்டிக் கட்டத்தைச் சீட்டுக்கட்டு அளவுக்காவது பெரிதாக்குங்கள். அதிகபட்சத்துக்குப் பக்கத்தில் ராத்திரி எவ்வளவுக்கு இறங்கியது என்பதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். ஈரப்பதத்தைத் தினமும் போடுங்கள். இந்தச் சூடு தொடர்ந்து எத்தனையாவது நாள் என்று ஒரு எண். மழை பெய்து மூன்றாவது வாரத்தில், மழையே இல்லாத அந்த நாளில், தொட்டி, வாளி, பழைய டயர் என்று கவிழ்க்கச் சொல்லி ஒரு வரி. கோடையில் பிள்ளைகள் படத்தை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். அதன் கீழேயாவது, பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரின் கதவை இன்று தட்டினீர்களா என்று ஒரு கேள்வி போடுங்கள். வானிலை முன்னறிவிப்பு இப்போது நாலைந்து நாள் முன்பே ஓரளவு சரியாக வருகிறது. ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் அதைப் பார்த்து டியூட்டி போட்டாலே பாதி நெரிசல் குறையும். நான் வேலை பார்த்த இடத்தில் நிர்வாகத்திடம் இதை இரண்டு முறை சொன்னேன். சீட்டு எழுதுகிறவளுக்கு எதற்கு இந்த வேலை என்கிற மாதிரி பார்த்தார்கள்.

பருவம் மாறுகிறது என்று நீங்களே தலையங்கம் எழுதுகிறீர்கள். 2030-க்கும் 2050-க்கும் இடையே பருவநிலை மாற்றத்தால் வருடத்துக்குச் சுமார் 2,50,000 பேர் கூடுதலாக இறக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பிரான்சிலும் இத்தாலியிலும் வெளிநாட்டுக்கே போகாதவர்களுக்கு உள்ளூர்க் கொசுவிலேயே டெங்கு வருகிறது. என் நோட்டின் கணக்கும் கடைசிப் பத்து வருடத்தில் தடுமாறத் தொடங்கியது. காய்ச்சல் மாதம் எது, ஓய்வு மாதம் எது என்று சீட்டுக்கட்டை எழுதி வாங்குவதில் நானே ஏமாந்திருக்கிறேன்.

அந்த நோட்டுகள் மொத்தம் பதினாலு. ஓய்வு பெற்ற அன்று எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான் பதிகிறாள். ஆனாலும் போன வாரம் மழை விட்டதும் எனக்குப் போன் செய்து, “எந்தத் தேதிம்மா?” என்று மட்டும் கேட்டாள். மழை தொடங்கிய நாளில் இருந்து பத்தொன்பது எண்ணி, வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு, அவளுக்கும் சொல்லிவிட்டேன். வருகிற 22-ஆம் தேதி. அன்றைக்கு உங்கள் முதல் பக்கத்தில் என்ன தலைப்பு வருகிறது என்று பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓ.பி. பதிவு எழுத்தர்,
உங்கள் நீண்ட நாள் வாசகி